காது கூசுபவர்கள் ஹிப்-ஹொப் கேட்கும் முறை

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் சாரதி பாட்டின் சத்தத்தைக் கூட்டியவுடன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்பவர்களில் நானும் ஒருத்தி. ஆயினும் ஹிப்-ஹொப் எனக்கு மிகவும் விருப்பமான இசை; தாளத்தின் மேல் சொற்களை அடுக்கிப் பாடும் ராப்தான் அதன் குரல். சத்தத்தைத் தாங்காதவளுக்கு இந்தப் பாட்டு எதற்கு என்று வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறார்கள். நாம் பொதுவாகச் ‘சத்தம்’ என்று சொல்வது பல ஒலிகளின் அடுக்கு என்பதையும், அவற்றில் ஒன்றிரண்டுதான் என் காதைக் குத்துகின்றன என்பதையும் கண்டறிய எனக்குப் பல வருடங்கள் சென்றன. காது கூசும் மற்றவர்களுக்கு அந்தக் காலம் வீணாகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கூத்துக் களரியில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த அடுக்குகள் எளிதில் விளங்கும். மத்தளத்தின் ஒரு முகம் தடித்த ஒலியையும் மற்ற முகம் கூர்மையான ஒலியையும் தர, அவற்றுக்கு மேலே சல்லரி என்னும் கைத்தாளம் கலகலக்க, அதன் நடுவே கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் எழும். ஹிப்-ஹொப்பில் தடித்த ஒலியின் இடத்தில் ‘கிக்’ எனப்படும் பேஸ் (ஆழமான ஒலி) அடியும், கூர்மையான ஒலியின் இடத்தில் ‘ஸ்னேர்’ அல்லது கைதட்டலும், சல்லரியின் இடத்தில் ‘ஹை-ஹட்’ ஒலியும் இருக்கின்றன. அவற்றின் மேல் ராப் பாடுபவரின் குரல் அமர்கிறது. 1980இல் வெளிவந்த ரோலண்ட் டி.ஆர்.-808 என்ற தாளப்பொறியின் கிக் ஒலி 50 ஹேர்ட்ஸை அண்டிய ஆழத்தில் நீண்டு அதிர்வதால், இன்றைய பாடல்கள் பலவற்றில் அந்த அடி காதுக்குக் கேட்பதோடு நிற்காமல் நெஞ்சிலும் வயிற்றிலும் உணரப்படுகிறது.

உங்களை வருத்துவது எந்த அடுக்கு என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். விருப்பமான ஒரு பாட்டை, எதனோடும் இணைக்காமல், கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் மெதுவாக ஒலிக்க விடுங்கள். அந்தச் சிறிய ஒலிபெருக்கியால் ஆழமான பேஸைக் கொடுக்க முடியாது. ஆகவே கைபேசியில் சுகமாக இருக்கும் பாட்டு பொக்ஸ் எனப்படும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியில் மட்டும் தாங்க முடியாமற் போனால், உங்கள் சிக்கல் பெரும்பாலும் பேஸ்தான். கைபேசியிலேயே பல் கூசுவதுபோல் இருந்தால் அது ஹை-ஹட்டாகவோ, குரலில் வரும் ‘ஸ்’ என்ற உரசலாகவோ இருக்கும். இரண்டுமின்றித் திடுக்கிடல் மட்டுமே ஏற்பட்டால், ஒலியின் அளவைவிட அது எதிர்பாராமல் வருவதே காரணம்.

பேஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நமது வீடுகளில் அதுவே பெரிய தொல்லை. தகரக் கூரையும் யன்னற் கண்ணாடியும் ஆழமான ஒலிக்குத் தாமும் சேர்ந்து நடுங்கும்; அந்த நடுக்கத்தின் சலசலப்பைப் பாட்டின் குறையென்று நாம் எண்ணிவிடுகிறோம். பொக்ஸை அறையின் மூலையில் வைத்தால் பேஸ் இன்னும் பெருகும் என்பதால், அதைச் சுவரிலிருந்து விலக்கி, தரையில் படாமல் தடித்த துணி மடிப்பின் மேலோ மெத்தையின் மேலோ வையுங்கள். திரைச்சீலையும் பாயும் கூர்மையான ஒலிகளை ஓரளவு உறிஞ்சுமே தவிர பேஸைத் தடுக்கமாட்டா. காதடைப்பானும் அவ்வாறே ஆழமான ஒலியைக் குறைவாகவே மறிப்பதால், அதை அணிந்துகொண்டு பொக்ஸுக்கு அருகில் இருப்பவருக்குக் குரல் மங்கி, அடி மட்டும் எஞ்சும். பாட்டுச் செயலிகளில் ஒலியின் ஆழத்தையும் கூர்மையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில் உள்ள ‘பேஸ் ரிடியூசர்’ தெரிவு இதைவிட நல்ல பலன் தரும்.

கூர்மையான ஒலிக்கு அதே இடத்தில் ‘ட்ரெபிள் ரிடியூசர்’ இருக்கிறது. ‘ட்ராப்’ வகைப் பாடல்களில் ஹை-ஹட் ஒரு அடிக்குள் பலமுறை சிதறி விரைவதால், இந்தத் தெரிவு இல்லாமல் அவ்வகையை நான் கேட்பதேயில்லை. சில பாடல்களில் பின்குரல்கள் ஒரு காதில் மட்டும் திடீரெனப் பாய்வதுண்டு. கைபேசியின் அணுகல் அமைப்புகளில் ‘மோனோ’வைத் தெரிவுசெய்தால் இரு காதுகளிலும் ஒரே ஒலி வரும்.

திடுக்கிடலுக்கு மருந்து முன்னறிவு. பாட்டை நேராகக் கேட்பதற்கு முன் அதன் சொற்களை வாசியுங்கள், குறைந்த ஒலியில் ஒருமுறை ஓடவிட்டு எங்கே தாளம் நின்று மீண்டும் விழுகிறது என்று பாருங்கள். துப்பாக்கிச் சத்தம், சைரன், டயர் தேயும் ஒலி முதலியவற்றைப் பாட்டுக்குள் வைப்பது இந்த இசையில் வழக்கம். எம்.ஐ.ஏ. என அறியப்படும், ஈழத்தமிழ் வம்சாவளிப் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலின் பல்லவியில் வெடிச்சத்தங்கள் தாளமாகவே வருகின்றன. போர்க்காலத்தைக் கண்ட நம் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இத்தகைய பாட்டை ஹெட்போனில் மட்டும் கேட்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த இசை காது கூசுபவர்களுக்கு ஏன் ஏற்றது என்பதையும் சொல்ல வேண்டும். 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூயோர்க்கின் பிரொங்ஸில், இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் கலைஞரான டீ.ஜே. கூல் ஹேர்க் நடத்திய கொண்டாட்டத்தையே ஹிப்-ஹொப்பின் பிறப்பாகக் கொள்கிறார்கள். பாட்டுக்கு நடுவே தாளம் தனித்து நிற்கும் சிறு பகுதியை அவர் இரண்டு இசைத்தட்டுகளால் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தார். அந்தச் சுழற்சியே இன்றும் இந்த இசையின் அடித்தளம். அடுத்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிவதால், என்னைப் போன்றவர்களின் உடல் ஒரு நிமிடத்துக்குள் தளர்ந்துவிடுகிறது. ஆகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 அடிகளில் நடக்கும் பழைய ‘பூம்-பாப்’ வகையிலோ, கூர்மை மழுக்கப்பட்ட ‘லோ-ஃபை’ வகையிலோ தொடங்குங்கள். ட்ராப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபெலிலும், சிறுவர்கள் அதே நேரம் 75 டெசிபெலிலும் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். காது கூசுபவர் இதிலும் குறைத்து, இரண்டு மூன்று பாட்டுகளுக்கு ஒருமுறை சற்று அமைதியில் இருப்பது நல்லது. அதேவேளை நாள் முழுவதும் காதை அடைத்துக்கொண்டிருந்தால் கூச்சம் கூடவே செய்யும் என்பதால், வீட்டின் சாதாரண ஒலிகளுக்குக் காதைத் திறந்தே வையுங்கள். மெல்லிய ஒலிகூட வலித்தாலோ காதுக்குள் இரைச்சல் ஓயாமல் கேட்டாலோ காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

கலியாண வீட்டில் பொக்ஸ் கட்டியிருந்தால் அதன் முகத்துக்கு நேரே அமராமல் பக்கவாட்டில் தள்ளி இருங்கள். கூர்மையான ஒலி நேர்கோட்டில்தான் அதிகம் பாயும். பேஸ் எல்லாத் திசையிலும் பரவுவதால் அதற்குத் தூரம் ஒன்றே வழி. சவுண்ட் செட் தம்பியிடம் “சத்தத்தைக் குறையுங்கோ” என்று கேட்பதைவிட, “பேஸை மட்டும் கொஞ்சம் இறக்கிவிடுங்கோ தம்பி” என்று கேளுங்கள். ஆடுபவர்களுக்குப் பாட்டு குறையாது என்பதால் அவரும் முகம் கோணாமல் செய்து தருவார்.