ஏழாம் வாய்ப்பாடும் புளியமுத்தும்

கல்லிடைக்குறிச்சியில் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நாலாம் வகுப்புப் படிக்கிற என் தங்கை மகள் ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு முழுசாக ஒப்பிப்பாள், ஆனால் நடுவில் நிறுத்தி 7 × 8 எவ்வளவு என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கடையில் வாங்கிய சார்ட்டும் உதவவில்லை, அதில் இருப்பது வெறும் எண்கள்தானே.

அப்புறம் அப்பளக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டியை வெட்டி, வரிசைக்கு 8 வீதம் 7 வரிசை புளியமுத்து ஒட்டினேன். மேல் 5 வரிசைக்கு அடியில் மஞ்சள் தாள், கீழ் 2 வரிசைக்குச் சிவப்பு (நிறம் பிரிக்காமல் ஒட்டிய முதல் அட்டையில் ஒவ்வொன்றாகத்தான் எண்ணினாள்). 40, 16, மொத்தம் 56. அட்டையைப் பக்கவாட்டில் திருப்பியதும், "பெரியம்மா, இது எட்டாம் வாய்ப்பாடுல்லா!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்படித் திருப்பலாம் என்பதால் 10 × 10 வரை 100 அட்டை வேண்டாம், 55 போதும். அதிலும் 1, 2, 5, 10 பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடும், அவற்றைக் கழித்தால் 21தான். முத்தை ஒட்டும்முன் நன்றாக வெயிலில் காயவையுங்கள், ஈரம் இருந்தால் பசை பிடிக்காது.