எறிபொருள் கணக்கில் எங்கே சறுக்குகிறார்கள்

பதினோராம் வகுப்பில் எறிபொருள் இயக்கம், அதாவது எறிந்த பொருள் ஈர்ப்பில் வளைந்து போகும் பாடம், முடிந்து தேர்வு வைத்தால், பெயர்கள்தான் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. போன வருடத்துப் பிள்ளைகள் விழுந்த அதே குழியில் இந்த வருடத்துப் பிள்ளைகளும் விழுகிறார்கள். சைனும் கொசைனும் இடம் மாறுவது, கிலோமீட்டரை மீட்டராக்க மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். இரண்டு முறை சிவப்பு மை பட்டால் அவை தானாகச் சரியாகிவிடும். நன்றாகப் படிக்கிறவர்களையே கவிழ்க்கும் தவறுகள் வேறு.

உச்சியில் எல்லாம் சுழி என்று எழுதுவது

உச்சியில் சுழியாவது திசைவேகத்தின் செங்குத்துக் கூறு மட்டும். கிடைத்தளக் கூறு, எறிந்த கணத்தில் எவ்வளவோ அவ்வளவே இருக்கிறது. முடுக்கமும் அதே 9.8 மீ/வி², கீழ்நோக்கி. அங்கே முடுக்கம் சுழியாகிவிட்டால் பந்து அதற்குமேல் வளையாது, கிடையாக நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். 60 டிகிரியில் எறிந்த பந்தின் இயக்க ஆற்றல் உச்சியில் எவ்வளவு என்று கேட்டால் விடை தொடக்க ஆற்றலில் கால் பங்கு. சுழி என்பது நான்கு விருப்பங்களில் ஒன்றாகக் கட்டாயம் இருக்கும்; அதைத் தேடிப் பிடித்து வட்டமிடவும் ஆள் இருக்கும்.

நெடுக்கச் சூத்திரத்தைக் கண்ட இடத்திலெல்லாம் போடுவது

எரிச்சலூட்டுவது இதுதான். எறிவேகத்தின் வர்க்கத்தை இருமடங்குக் கோணத்தின் சைனால் பெருக்கி, ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைத்தள நெடுக்கம், அதாவது பந்து போய் விழும் தூரம், வரும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். செங்குத்து இடப்பெயர்ச்சி சுழி என்று வைத்துத்தான் அந்தச் சூத்திரத்தையே வருவித்தோம் என்பது யாருக்கும் நினைவில்லை. கிளம்பிய மட்டத்துக்கே திரும்பி வரும் பந்துக்கு மட்டுமே அது பொருந்தும். மாடியிலிருந்து எறிந்த கல், தோளுயரத்தில் விட்ட குண்டு, சரிவில் விழும் பந்து எதற்கும் பொருந்தாது.

ஒரு கணக்கு. 15 மீட்டர் உயர மொட்டை மாடியிலிருந்து, கிடைமட்டத்துக்கு மேலே 30 டிகிரியில், 20 மீ/வி வேகத்தில் ஒரு கல் எறியப்படுகிறது. ஈர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்வோம். கல் கட்டடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் தரையைத் தொடும்?

விடைத்தாள்களில் மூன்று எண்கள் வரும். முதலாவது 34.64 மீட்டர். சூத்திரத்தில் அப்படியே போட்டது. கட்டடத்தின் உயரத்தையே கண்டுகொள்ளவில்லை. கல் மாடி மட்டத்துக்குத் திரும்பி வரும் இடம் அது. தரைக்கு இன்னும் 15 மீட்டர் இருக்கிறது.

இரண்டாவது 64.64 மீட்டர். இது கொஞ்சம் யோசித்தவர்களின் தவறு. மாடி மட்டம் வரை 34.64 என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து 15 மீட்டர் கீழே விழ ஆகும் நேரத்தை, மூன்றின் வர்க்கமூலம், அதாவது 1.732 நொடி என்று கணக்கிட்டு, கிடைத்தளக் கூறான 17.32 ஆல் பெருக்கி 30 மீட்டரைக் கூட்டுகிறார்கள். 1.732 நொடி என்பது ஓய்விலிருந்து விழும் பொருளுக்கான நேரம். நம் கல்லோ மாடி மட்டத்தைக் கடக்கும்போதே 10 மீ/வி வேகத்தில் கீழே போய்க்கொண்டிருக்கிறது. மிச்சமுள்ள 15 மீட்டரை அது சரியாக ஒரு நொடியில் முடித்துவிடும்.

மூன்றாவதுதான் சரி: 51.96 மீட்டர். அதற்குப் பாதையைத் துண்டாக்கவே வேண்டாம். எறிவேகத்தின் செங்குத்துக் கூறு 10. மேல்நோக்கி நேர்க்குறி என்று வைத்து, செங்குத்துச் சமன்பாட்டை ஒரே வரியாக எழுதுங்கள்: −15 = 10 × நேரம் − 5 × நேரத்தின் வர்க்கம். தீர்த்தால் நேரம் 3 அல்லது −1. மூன்று நொடியைக் கிடைத்தளக் கூறு 17.32 ஆல் பெருக்கினால் முடிந்தது.

அந்த −1-ஐ அடித்துவிட்டுப் போகும்முன் ஒரு கணம் பாருங்கள். அதற்கும் பொருள் உண்டு. இதே பாதையைப் பின்னோக்கி நீட்டினால், ஒரு நொடி முன்பு கல் தரைமட்டத்திலிருந்து கிளம்பியிருக்கும் என்கிறது அது. கணக்கில் நமக்குத் தேவையில்லை, ஆனால் குப்பையும் இல்லை.

சரிபார்க்க ஆற்றல் அழிவின்மை போதும். தரையைத் தொடும் வேகத்தின் வர்க்கம் 400 + 2 × 10 × 15 = 700; வேகம் 26.46 மீ/வி. மூன்று நொடி முடிவில் செங்குத்துக் கூறு −20, கிடைத்தளக் கூறு 17.32, வர்க்கங்களைக் கூட்டினால் அதே 700. அரை நிமிட வேலை. யாரும் செய்வதில்லை.

இந்தத் தவறின் உடன்பிறப்பு, "அதிக தூரம் போக 45 டிகிரி" என்பது. இதே மாடியிலிருந்து 45 டிகிரியில் எறிந்தால் கல் 51.6 மீட்டர் போகும். 30 டிகிரியில் எறிந்ததைவிட அது குறைவு. உண்மையான சிறந்த கோணத்துக்கு ஓர் அழகான விதி உண்டு: கோணத்தின் டேன்ஜென்ட் என்பது எறிவேகத்தைத் தரைதொடும் வேகத்தால் வகுத்தது. இங்கே 20-ஐ 26.46 ஆல் வகுத்தால் கோணம் 37 டிகிரி; தூரம் 52.9 மீட்டர். எறிந்த இடமும் விழும் இடமும் ஒரே மட்டமென்றால் இரண்டு வேகங்களும் சமம், அப்போதுதான் 45.

குண்டு எறிதலில் இதன் விலை தெரியும். 7.26 கிலோ குண்டை 2.1 மீட்டர் உயரத்தில் 14 மீ/வி வேகத்தில் விடும் வீரரை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு முடுக்கம் 9.8. பாடப்புத்தகச் சூத்திரம் 45 டிகிரிக்கு 20.0 மீட்டர் தரும். சரியான கணக்கில் சிறந்த கோணம் 42.3 டிகிரி, தூரம் 22.0 மீட்டர். இரண்டு மீட்டர் என்பது பதக்கத்துக்கும் முதல் சுற்றோடு வீடு திரும்புவதற்கும் உள்ள இடைவெளி. நிஜத்தில் தேர்ந்த வீரர்கள் பெரும்பாலும் 40 டிகிரிக்கும் கீழேதான் விடுகிறார்கள். கையும் தோளும் தாழ்ந்த கோணத்தில் குண்டுக்குக் கூடுதல் வேகம் கொடுக்க முடிகிறது. 37 டிகிரியில் வேகம் 14.3 ஆனாலே தூரம் 22.5 மீட்டரைத் தாண்டிவிடும். எறிவேகமும் கோணமும் ஒன்றையொன்று சாராதவை என்பதும் புத்தகம் நம்மைக் கேட்காமல் வைத்த அனுமானம்தான்.

45 டிகிரிக்கு வயது அதிகம். இத்தாலியக் கணிதவியலாளர் டார்ட்டாலியா 1537-ல் பீரங்கிக்காரர்களுக்குச் சொன்ன கோணம் அது. குண்டின் பாதையை அவர் நேர்கோடு, வட்டவில், மறுபடி நேர்கோடு என்றுதான் வரைந்தார். பாதை தப்பு, கோணம் சரி. பாதை பரவளையம் என்று கலிலியோ நிறுவி நூலாக வெளியிட்டது 1638-ல். அதற்கும் எல்லை இருக்கிறது. 1918 மார்ச்சில் சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பாரிஸைத் தாக்கிய ஜெர்மன் பீரங்கியின் குழாய் 45 டிகிரிக்கும் மேலாகத்தான் நிமிர்ந்து நின்றது. அடர்ந்த காற்றைச் சீக்கிரம் தாண்டி, பயணத்தின் பெரும்பகுதியை மெல்லிய காற்றில் கழிக்க அதுவே வழி. உயரம் கோணத்தைக் கீழே இறக்குகிறது, மெல்லிய காற்று மேலே ஏற்றுகிறது. 45 டிகிரி இரண்டும் இல்லாத உலகத்துக்கானது.

நிரப்புக் கோணங்கள்

கூட்டினால் 90 டிகிரி வரும் இரண்டு கோணங்கள் இவை. 30-க்கும் 60-க்கும் நெடுக்கம் ஒன்றுதான். 20 மீ/வி வேகத்தில் எறிந்தால் பறக்கும் நேரம் 2 நொடியும் 3.46 நொடியும், பெரும உயரம் 5 மீட்டரும் 15 மீட்டரும். மாடியில் ஏறி நின்றால் நெடுக்கமும் ஒன்றல்ல.

குறி

மேலே நேர்க்குறி என்று தொடங்கினால் கடைசி வரி வரை மேலே நேர்க்குறி.

கால்குலேட்டர்

30-ன் சைன் −0.988 என்று காட்டினால் அது டிகிரியில் இல்லை, கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனில் இருக்கிறது.

காற்றை எல்லாப் பந்துக்கும் ஒரே மாதிரி ஒதுக்குவது

காற்றுத் தடையைப் புறக்கணிக்கலாமா என்பது எடையோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியது. 14 மீ/வி வேகத்தில் போகும் இரும்புக் குண்டின் மீதான தடை அதன் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு; தாராளமாக விட்டுவிடலாம். 30 மீ/வி வேகத்தில் பறக்கும் கிரிக்கெட் பந்துக்குத் தடை எடையில் பாதியைத் தாண்டுகிறது. 2.7 கிராம் டேபிள் டென்னிஸ் பந்துக்கு 10 மீ/வி வேகத்திலேயே தடை எடையை மிஞ்சிவிடும். அதற்குப் பரவளையம் வரைவது வெறும் பொழுதுபோக்கு.

கணினியில் பாதையைக் கணக்கிடுகிறவர்கள் இங்கே இன்னொரு தவறு செய்கிறார்கள். தடை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று படித்துவிட்டு, கிடைத்தளத் தடைக்குக் கிடைத்தளக் கூறின் வர்க்கத்தையும், செங்குத்துத் தடைக்குச் செங்குத்துக் கூறின் வர்க்கத்தையும் போடுகிறார்கள். தடையின் திசை திசைவேகத்துக்கு நேரெதிர். எனவே ஒவ்வொரு கூறுக்கும் மொத்த வேகத்தை அந்தக் கூறால் பெருக்க வேண்டும். இரண்டு கூறுகளும் 10 மீ/வி என்றால் மொத்த வேகம் 14.14, சரியான பெருக்கல் 141, அவர்கள் போடுவது 100. தடை 29 சதவீதம் குறைந்துபோகிறது. கீழே இறங்கும்போது குறியும் காணாமல்போகும்: எதிர்க்குறி எண்ணின் வர்க்கம் நேர்க்குறியாகிவிடுவதால், தடை பந்தை நிறுத்துவதற்குப் பதில் கீழே தள்ளும்.

நிரலை முதலில் தடைக் கெழு சுழியாக வைத்து, அதாவது காற்றே இல்லாமல், ஓட்டுங்கள். மேலே சொன்ன மாடிக் கணக்குக்கு 51.96 வருகிறதா என்று பார்த்துவிட்டு, காலப்படியை, அதாவது நிரல் ஒவ்வொரு முறையும் முன்னே நகரும் நேரத்தை, பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள்; விடை குறிப்பிடும்படி நகர்ந்தால் படி இன்னும் பெரிதாக இருக்கிறது. 0.01 நொடிப் படியில் கல் தரையைத் தாண்டிக் கீழே போன புள்ளியையே விடையாக எடுத்தால் மட்டும் 17 சென்டிமீட்டர் வரை கூடிவிடும். தரைக்கு மேலுள்ள கடைசிப் புள்ளிக்கும் கீழுள்ள முதல் புள்ளிக்கும் இடையே நேர்கோடு போட்டு, உயரம் சுழியாகும் இடத்தை எடுங்கள்.