ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் எக்ஸ்எம்எல் பிழை வருகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரோமில் ஒழுங்காக ஓடும் பக்கம் ஃபயர்ஃபாக்ஸ் கன்சோலில் 'எக்ஸ்எம்எல் பார்ஸிங் எரர்' (டேகுகளால் எழுதப்பட்ட எக்ஸ்எம்எல் தரவைப் படித்துப் பிரிக்க முடியவில்லை என்ற பிழை) காட்டினால், பலரும் ஃபயர்ஃபாக்ஸைத்தான் சந்தேகிக்கிறார்கள். முதல் தவறே அதுதான். பெரும்பாலும் கோளாறு சர்வர் அனுப்பிய பதிலில் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் வாய்விட்டுச் சொல்கிறது, குரோம் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

பக்கத்திலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிடம் தரவு கேட்கும் வழியான எக்ஸ்எம்எல்எச்டிடிபி ரிக்வெஸ்டின் விதிப்படி, பதிலில் கன்டென்ட்-டைப் ஹெடர் (வந்த தரவு எந்த வகை என்று சொல்லும் தலைப்பு) இல்லையென்றால் அதை எக்ஸ்எம்எல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வந்தது ஜேசனாக (தரவு அனுப்பும் இன்னொரு வடிவம்) இருந்தால் முதல் { குறியிலேயே 'நாட் வெல்-ஃபார்ம்டு' என்று பிழை விழும். உள்ளடக்கம் இல்லாமல் 200 என்ற வெற்றி ஸ்டேட்டஸ் எண்ணை மட்டும் சர்வர் திருப்பினால், வரி 1-இல் 'நோ எலிமென்ட் ஃபவுண்ட்' என்று பிழை வரும். இதற்காக ஜாவாஸ்கிரிப்டை நோண்ட வேண்டாம், சர்வரில் சரியான ஹெடரை வையுங்கள். சர்வர் உங்கள் கையில் இல்லையா? சரி, பதிலை எந்த வகையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாமே சொல்ல ஓவர்ரைடு-மைம்-டைப் இருக்கிறது. ஆனால் சென்ட் செய்வதற்கு முன்பே அதை அழைத்துவிட வேண்டும்.

வந்தது உண்மையிலேயே எக்ஸ்எம்எல்தான் என்றால், மூலப் பதிலின் முதல் வரியைப் பாருங்கள். <?xml என்று தொடங்கும் எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலும் பிழைதான். பிஎச்பியில் முடிவுக் குறியான ?>-க்குப் பிறகு விட்ட காலி வரிகள் இப்படித்தான் பதிலுக்குள் நுழைகின்றன. அந்தக் குறியையே எழுதாமல் விடுவது நல்லது. இணைப்பு முகவரிகளில் வரும் & குறியையும் அப்படியே விடக் கூடாது. எச்டிஎம்எல்லில் இடைவெளிக்காகப் பழகிய என்பிஎஸ்பி இங்கே செல்லாது, எக்ஸ்எம்எல்லுக்கு முன்கூட்டியே தெரிந்த என்டிட்டிகள் (குறிகளுக்குப் பதிலாக எழுதும் பெயர்கள்) ஐந்தே ஐந்து.

அடுத்த தவறு, எக்ஸ்எம்எல் எழுத்தை ஆவணமாக மாற்றும் டாம்பார்சரைச் சுற்றி, பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது. பிழையான எக்ஸ்எம்எல்லுக்கு இன்றைய பிரவுசர்களில் அது எக்ஸெப்ஷன் எறியாது. பார்சர்எரர் என்ற எலிமென்ட் உள்ள ஆவணத்தைத் திருப்பித் தரும். ஃபயர்ஃபாக்ஸில் அதுவே ரூட்டாக (எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள எலிமென்ட்) இருக்கும், குரோமில் ரூட்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கலாம். ரூட்டின் பெயரை மட்டும் சோதிக்கும் நிரல் குரோமில் ஏமாந்துவிடும். ஆவணம் முழுவதும் தேடுங்கள்.

அப்புறம், பிழைச் செய்தியில் மெட்டா, லிங்க் போன்ற டேகுகளின் பெயர் வந்தால் எக்ஸ்எம்எல்லைத் திருத்த உட்காராதீர்கள். செஷன் முடிந்துபோய் லாகின் பக்கமோ, சர்வரின் பிழைப் பக்கமோ வந்திருக்கும். பார்ஸ் செய்வதற்கு முன் ஸ்டேட்டஸ் எண்ணையும் கன்டென்ட்-டைப்பையும் சோதித்தால், இந்தத் தேடலே தேவைப்படாது.