சென்னை முதல் கன்னியாகுமரி வரை சைக்கிளில்: பிள்ளைகளுக்காக நிதி திரட்டப் புறப்படுபவர்களுக்கு

நன்கொடைப் பயணம் போகலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்றுதான். அதற்குக் கீழே இடம் வைத்திருக்கிறேன். சில மாதம் ஒழுங்காகப் பழகினால், நல்ல உடல்நிலை உள்ள யாரும் கடற்கரைச் சாலையிலேயே கன்னியாகுமரி போய்ச் சேர்ந்துவிடலாம். பெரிய மேடே இல்லாத பாதை. ஊரார் கொடுத்த பணத்துக்குக் கணக்குச் சொல்வதுதான் இதில் உள்ள ஒரே ஏற்றம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: யாருக்கு, எதற்கு?

"ஏழைக் குழந்தைகளுக்காக" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், முகத்துக்காக நூறு இருநூறு தருவார்கள். "செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறார்களே, அந்த டீச்சரின் ஒரு வருடச் சம்பளம்" என்று சொல்லிப் பாருங்கள். நாலு கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்கிறவர்தான் கொடுப்பார்.

எது தேவை என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் நடத்துகிறவர்களிடமே கேளுங்கள். நோட்டுப் புத்தகமும் பிறந்தநாள் பிரியாணியும் வாங்கித் தர ஆள் உண்டு. வாடகை, கரண்ட் பில், சம்பளம் என்றால் கை நீளாது. உங்கள் பணம் அங்கே போகட்டும்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். குழந்தைகள் தங்கும் இல்லமாக இருந்தால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். தணிக்கை செய்த கணக்கு அறிக்கையையும் கேளுங்கள். நல்ல நிர்வாகி இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

படி 2: பணம் எந்த வழியாகப் போக வேண்டும்?

உங்கள் ஜிபே எண்ணைக் கொடுத்து வசூலிக்காதீர்கள். நன்கொடை நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். 80ஜி பதிவு உள்ள நிறுவனத்தின் ரசீது இருந்தால்தான், பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும். அதிலும் ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை இல்லை.

வெளிநாட்டு உறவினர்களிடம் கேட்கும்போது கொஞ்சம் கவனம். துபாயில் இருக்கும் மச்சான் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை. கனடா குடியுரிமை வாங்கிய சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத நிறுவனம் அதைத் தொடவே கூடாது. பணம் வந்த பிறகு திருப்பி அனுப்புவதைவிட முன்பே கேட்டுவிடலாம்.

கேட்பதற்கு எளிய வழி, கிலோமீட்டர் கணக்கு. பாதை சுமார் 750 கி.மீ. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் 750 ரூபாய். நூறு பேர் சேர்ந்தால் 75,000. "நீ பாதியில நின்னுட்டா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நின்றாலும் முழுத்தொகை பிள்ளைகளுக்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் காய்ச்சலோடு சைக்கிள் மிதிக்க வேண்டிவரும்.

இதில் எனக்குச் சமரசம் இல்லாத விஷயம் ஒன்று உண்டு: லாட்ஜ், சாப்பாடு, டி-ஷர்ட், உதவி வண்டியின் டீசல், இவற்றில் ஒரு ரூபாய்கூட நன்கொடையிலிருந்து எடுக்கக் கூடாது. கைக்காசு போடுங்கள், அல்லது செலவுக்கென்றே தனியாக ஸ்பான்சர் பிடியுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1980 முதல் நடக்கும் பான்-மாஸ் சேலஞ்ச் என்ற பெரிய நிதிப் பயணத்திலும், ஓட்டுபவர்கள் திரட்டும் பணம் முழுவதும் புற்றுநோய் மருத்துவமனைக்கே போகிறது. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கே முடியும்போது நாலு பேர் குழுவுக்கு என்ன?

படி 3: மாதமும் பாதையும்

ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் போங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் தெற்கே போகிறவருக்குப் பெரும்பாலும் முதுகில்தான் காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று தென்கோடியில் ஆளைத் தள்ளும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்!

பாதை: மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, தொண்டி, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி. புதியவர்களுக்குப் பத்து நாள் சரியாக இருக்கும். மாமல்லபுரம் வரையான முதல் 55 கி.மீ.யில்தான் வண்டிகள் பறக்கும். வார நாளில், விடியும் முன்பே விளக்கோடு கிளம்பிவிடுங்கள்.

ராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் ஏர்வாடி தாண்டினால் லாட்ஜ் அபூர்வம். ஒரே மூச்சில் 120 கி.மீ. ஓட்ட வேண்டியிருக்கும். அதனால் முந்தின நாள் தொண்டியிலிருந்து ராமநாதபுரம் வரை மட்டும் ஓட்டிவிட்டு மதியமே கால் நீட்டிப் படுத்துவிடுங்கள்.

படி 4: சைக்கிள்

புதிது வேண்டியதில்லை. கியர் உள்ள ஹைப்ரிட் சைக்கிள் (ரோடு சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்டது), 32 முதல் 38 மி.மீ. அகல டயர், போதும். சீட் உயரம் பார்க்க எளிய வழி: குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே மிதித்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் மூன்றாம் நாள் முட்டி பேச ஆரம்பிக்கும்.

வாங்கும்போது வால்வைப் பாருங்கள். ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் ரோட்டோரக் கடையில், "தம்பி, இது நம்ம பம்புல ஏறாதே" என்று கையை விரித்துவிடுவார்கள். பைக், கார் டயரில் இருக்கும் தடித்த வால்வு என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். பிரெஸ்டாதான் இருக்கிறது என்றால் பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கிப் பையில் போடுங்கள்.

கூடவே ஸ்பேர் டியூப் இரண்டு, பேட்ச், டயர் லீவர், கைப்பம்பு, ஆலன் கீ செட், செயின் ஆயில்.

பஞ்சர் போடப் பழகாமல் கிளம்பாதீர்கள். ராமநாதபுரம் பக்கம் சாலையோரமெல்லாம் சீமைக் கருவேலம். நிழலுக்கு என்று அதன் கீழே சைக்கிளை உருட்டினால் முள் ஏறிவிடும். ஏறிய முள் பாதியில் முறிந்து, நுனி மட்டும் டயருக்குள் தங்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. டியூப்பைக் கழற்றியதும் பழைய துணி ஒன்றை டயரின் உட்புறம் சுற்றிலும் மெதுவாக ஓட்டுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். அதைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் அரை கிலோமீட்டரில் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

படி 5: பழக்கம்

வாரம் மூன்று நாள், 20 கி.மீ.யில் தொடங்குங்கள். வாரத்துக்குப் பத்து சதவீதம்போலக் கூட்டினால் போதும். சனி 80, ஞாயிறு 80 என்று அடுத்தடுத்த நாளில் ஓட்ட முடிந்தால் நீங்கள் தயார். இரண்டாம் நாள் காலையில் அதே சீட்டில் மறுபடி உட்காருவதுதான் பரீட்சை. பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்குங்கள்; அதற்குள் ஜட்டி போடக் கூடாது. சொல்லக் கூச்சப்பட்டு பலரும் சொல்லாமல் விடுவதால், தொடை உரசிப் புண்ணான பிறகே தெரியவருகிறது.

படி 6: சாலையில்

ஐந்தரைக்குக் கிளம்பி, பதினொன்றுக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, பகலிலும். ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பக்கவாட்டில் பேசிக்கொண்டு போகும் ஆசையை டீக்கடைக்கு ஒத்திவையுங்கள். இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம்.

தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. உப்புப் போட்ட மோர், ஓ.ஆர்.எஸ். நல்லது. காலையில் இட்லி, வழியில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும். பரோட்டா சால்னா ராத்திரிக்கு.

படி 7: பிள்ளைகளும் படமும்

வழியில் இல்லத்துக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, படிப்பு நேரம் பார்த்துப் போங்கள். பாதுகாப்பு இல்லங்களில் உள்ள குழந்தைகளின் முகம், பெயர், பள்ளி என்று அடையாளம் தெரியும் எதையும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அட்டையில் பெரிய செக் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்தப் படத்தை அவர்கள் வகுப்பில் படிக்கும் பையனும் பார்ப்பான். சைக்கிளைப் படம் எடுங்கள், கடலைப் படம் எடுங்கள். பிள்ளைகளோடு கேரம் ஆடிவிட்டு வாருங்கள்.

படி 8: திரும்பிய பிறகு

ரயிலில் வருவதானால் சைக்கிளை நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பெயர், முகவரி எழுதிய அட்டையைக் கட்டி, விளக்கையும் பையையும் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் வந்து பத்து நாளுக்குள், பணம் கொடுத்தவர்கள் அனைவருக்கும் கணக்கை அனுப்புங்கள்: எவ்வளவு வந்தது, அறக்கட்டளை எதற்குச் செலவிடுகிறது, உங்கள் பயணச் செலவு எவ்வளவு, அதை யார் ஏற்றார்கள். ஆறு மாதம் கழித்து அந்த டீச்சர் இன்னும் வருகிறாரா என்று விசாரித்து மறுபடி இரண்டு வரி எழுதுங்கள். கணக்கு அனுப்பிய மறுநாள் யாராவது, "என் பேரு விட்டுப்போச்சே" என்று போன் செய்வார். ரசீது எண்ணை வாங்கிச் சரிபார்த்து, திருத்திய பட்டியலை எல்லோருக்கும் மறுபடி அனுப்பிவிடுங்கள்.