வெண்டைக்காயோடு எதைச் சேர்ப்பது, எப்போது சேர்ப்பது

வெண்டைக்காய்க்கு அழுத்தமான தனிச்சுவை கிடையாது. இளங்காயைப் பச்சையாகக் கடித்தால் இலேசான இனிப்பும் பசும்புல் வாசமும் தெரியும், அவ்வளவுதான். ஆகவே அதனோடு எது சேரும் என்பதை, அதன் வழவழப்பை வைத்துத் தீர்மானிப்பதே எளிய வழி. அந்த வழவழப்பை முழுவதும் போக்கப்போகிறோமா, பாதி அடக்கப்போகிறோமா, அல்லது குழம்பைக் கெட்டியாக்க அதையே பயன்படுத்திக்கொள்ளப்போகிறோமா என்பதை அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே முடிவு செய்துவிட்டால், புளியா தயிரா, தேங்காயா பருப்பா என்ற கேள்விகளில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

வெண்டை, பருத்திக்கும் செம்பருத்திக்கும் உறவான செடி. தலைக்குத் தேய்க்கச் செம்பருத்தி இலையைக் கசக்கும்போது வரும் வழவழப்பும் இதுவும் ஒரே இனம். காய்க்குள் இருக்கும் ஒரு வகைக் கூட்டுச் சர்க்கரை தண்ணீரில் கரைந்து நூல் நூலாக இழுக்கிறது. தண்ணீர் பட்டால் அது பரவும். புளிப்புப் பட்டால் இளகும். மூடாமல் வதக்கினால் ஈரம் வற்றி அடங்கும். எனவே காயை முழுதாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, சற்று நேரம் காற்றாட விட்டபின் உலர்ந்த கத்தியால் நறுக்க வேண்டும். நறுக்கிய பிறகு கழுவினால் அந்தக் காய் பொரியலுக்கு ஆகாது. கடையில் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவதைச் சில கடைக்காரர்கள் விரும்புவதில்லை என்றாலும், முற்றிய காயின் நாரை எந்தக் கூட்டுப்பொருளாலும் சரிசெய்ய முடியாது என்பதால் அந்த முகச்சுளிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

முதலில் பொரியல். கால் கிலோ காயை அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஒன்றரை மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, அகன்ற வாணலியில் பரவலாகப் போட்டு, மூடாமல் மிதமான தீயில் வதக்க வேண்டும். அடிக்கடி கிளறினால் துண்டுகள் உடைந்து வழவழப்பு வெளியேறும்; இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை புரட்டிவிட்டாலே போதும். ஐந்தாறு நிமிடங்களில் கரண்டியோடு நூல் இழுக்கத் தொடங்கும்போது ஒரு தேக்கரண்டி புளித்த தயிரோ, அதே அளவு கெட்டிப் புளிக்கரைசலோ சேர்த்தால் நூல் விரைவில் அறுந்துவிடும். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு: புளி காய்க்கு ஒரு கருமையையும் அழுத்தத்தையும் தரும், தயிர் மென்மையாகவே நிற்கும். தேங்காய் சேர்ப்பதானால் தயிரும், மிளகாய்ப்பொடி தூவி மொறுமொறுப்பாக எடுப்பதானால் புளியும் பொருந்தும் என்பது என் அனுபவம். எலுமிச்சைச் சாற்றை மட்டும் அடுப்பை அணைத்தபின் பிழிய வேண்டும். கொதித்தால் அதன் மணம் போய்விடும்.

புளிப்புக்கு ஒரு விலையும் உண்டு. புளிப்பும் சூடும் சேர்ந்தால் பச்சைநிறம் மங்கிப் பாசிநிறமாகிவிடும். விருந்து இலையில் பச்சையாகத் தெரிய வேண்டுமென்றால் புளிப்பைக் குறைத்து, வதக்கும் நேரத்தை நம்புவதே நல்லது. உப்பு காயிலிருந்து நீரை இழுக்கும் என்பதால், நூல் முழுவதும் அடங்கிய பிறகே அதைப் போட வேண்டும். அவசரத்தில் தாளிப்போடு உப்பையும் கொட்டி, பொரியலாக வேண்டியதைப் பசையாக்கிப் பரிமாறிய நாள்கள் எனக்கும் உண்டு. தேங்காய்த்துருவல் கடைசி ஒரு நிமிடத்துக்குரியது. தேங்காய் வேண்டாமென்றால் வறுத்துப் பொடித்த வேர்க்கடலையோ, ஒரு தேக்கரண்டி கடலைமாவோ தூவலாம். மிச்சமிருக்கும் ஈரத்தை அவை உறிஞ்சிக்கொள்வதோடு, காயில் இல்லாத வறுத்த மணத்தையும் கொடுக்கும். பட்டை, கிராம்பு போன்றவை இதற்கு அதிகம். காயின் பசுமை வாசம் இருந்த இடம் தெரியாமல் போகும்.

குழம்பு வகைக்கு வருவோம். மோர்க்குழம்புக்கு வெண்டைக்காயைவிடப் பொருத்தமான காய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பூசணியும் நன்றாக இருக்கும். ஆனால் அது குழம்பை நீர்க்கச் செய்யும். வெண்டை அப்படிச் செய்யாது. புளித்த மோர் அதன் வழவழப்பை இளக்க, மீதமுள்ளது குழம்புக்கு ஒரு பதத்தைத் தரும். இரண்டு கப் புளித்த தயிருக்கு ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, ஒரு தேக்கரண்டி பச்சரிசி ஆகியவற்றை ஊறவைத்து, அரை கப் தேங்காய், மூன்று பச்சைமிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம் சேர்த்து நைசாக அரைத்துக்கொள்ள வேண்டும். காயை ஒன்றரை அங்குலத் துண்டுகளாகத் தனியே வதக்கி எடுத்துவைத்து, அரைத்த விழுதைத் தண்ணீரில் பச்சை வாசம் போகக் கொதிக்கவிட்டு, பிறகு கடைந்த தயிரை ஊற்றி, நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும். காய் கடைசியில் சேரும். தாளிப்புக்குத் தேங்காயெண்ணெய். புளிக்காத தயிரில் இதைச் செய்தால் கொழகொழப்பு மட்டுமே மிஞ்சும்.

வழவழப்பை ஒளிக்காமல் வேலைக்கு வைத்துக்கொள்ளும் சமையலுக்குச் செட்டிநாட்டு வெண்டைக்காய் மண்டியைச் சொல்ல வேண்டும். அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்னவெங்காயம், பூண்டு, மிளகாய் ஆகியவற்றோடு வதக்கிய வெண்டைக்காயைச் சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். வேகவைத்த மொச்சையும் சேர்வதுண்டு. அரிசிநீரின் மாவும் காயின் வழவழப்பும் சேர்ந்து, தேங்காய் இல்லாமலே குழம்பு கெட்டிப்படும். முதல் தண்ணீரில் தூசி இருக்கும். இரண்டாம் தண்ணீரை எடுத்துக்கொள்வது நல்லது. சின்னவெங்காயத்தின் இனிப்பு இதில் முக்கியம். பெரிய வெங்காயம் அந்த வேலையைச் சரியாகச் செய்வதில்லை.

சாம்பாரிலும் புளிக்குழம்பிலும் வரிசைதான் முக்கியம். வதக்கிய காயை முதலில் புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டு, பிறகு பருப்பைச் சேர்க்க வேண்டும். வெந்த பருப்பில் நேராகப் போட்டால் இரண்டும் சேர்ந்து களியாகும். புளிக்குழம்புக்கு வெந்தயம் நல்ல துணை. ஆனால் ஊறிய வெந்தயத்துக்கும் வழவழப்பு உண்டு என்பதால், அதை ஊறவைத்து அரைக்காமல் எண்ணெயில் சிவக்க வறுத்துக் கால் தேக்கரண்டியோடு நிறுத்த வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பாற்கறியில் தேங்காய்ப்பாலோடு வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் சேர்த்து, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விடுவார்கள். அந்தப் புளி இல்லாவிட்டால் பாலும் காயும் திகட்டும்.

அசைவத்தில் வெண்டைக்காய்க்கு உற்ற துணை கடலிலிருந்து வருவது. மலேசிய, சிங்கப்பூர் மீன்தலைக் கறியில் புளிக்கரைசலில் கத்திரிக்காயோடு முழு வெண்டைக்காயும் மிதப்பதைப் பார்க்கலாம். நுனியையும் காம்பையும் மட்டும் சீவி, காயைத் திறக்காமல் போடுவதால் வழவழப்பு உள்ளேயே நிற்கிறது. நம் ஊர் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பிலும் இதே முறையைக் கையாளலாம். எகிப்தில் ஆட்டிறைச்சி, தக்காளி, பூண்டு ஆகியவற்றோடு பிஞ்சு வெண்டையைச் சமைக்கிறார்கள். அங்கே தக்காளியின் புளிப்பு நம் புளியின் இடத்தில் நிற்கிறது. ஜப்பானியர் நேரெதிர்: வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கியெடுத்த காயை மெல்லிய வட்டங்களாக நறுக்கி, சோயா சாற்றோடு அந்த வழவழப்புக்காகவே உண்கிறார்கள். நம் நாக்குக்கு அது பழகச் சற்று நாள் ஆகும்.

தயிர்ப் பச்சடி செய்வதானால் காயை எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, இலையில் போடுவதற்குச் சற்று முன்புதான் தயிரில் கலக்க வேண்டும். இதே தயிர்ப் பச்சடி வகையான கேரளத்துக் கிச்சடியில் தேங்காயோடு பச்சைக் கடுகையும் சேர்த்து அரைப்பார்கள். அந்தக் காரநெடி பொரித்த வெண்டைக்கு மிக நன்றாக இருக்கும். ஆனால் கடுகு அரை தேக்கரண்டியைத் தாண்டினால் கசக்கும்.

சுரைக்காய், பூசணிக்காய் போன்ற நீர்க்காய்களோடு வெண்டைக்காயை ஒரே பொரியலில் சேர்க்க வேண்டாம். அவை விடும் தண்ணீர் இத்தனை நேரம் அடக்கிய நூலைத் திரும்ப இழுக்கும். கூட்டுக்கும் இந்தச் சேர்க்கை ஏற்றதாகாது. காய் மிஞ்சிப்போனால் வட்டமாக நறுக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து வற்றலாக எடுத்துவைக்கலாம். சலசலவென்று சத்தம் வரும்வரை காய்ந்தபின் டப்பாவில் அடைத்தால், மழைக்காலத்து வற்றல் குழம்புக்கு ஆகும். பொரிக்கும்போது எண்ணெய் அதிகம் காயக்கூடாது, வற்றல் நொடியில் கருகிவிடும்.