கடன் கணக்கு வாராக்கடன் ஆகும் முன்னும் ஆன பின்னும் சிறுதொழில் செய்வோர் செய்ய வேண்டியவை

பண்ருட்டிக்கு அருகே முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பு விற்கும் ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னைத் தேடி வந்தபோது, வங்கி அனுப்பிய பதிவுத் தபாலைப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தார். வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் 41 நாள் செருகி வைத்திருந்த உறை அது. பிரித்துப் பார்த்தால், உள்ளே கொடுத்திருந்த அவகாசம் 60 நாள். "நான் லிமிட்டைத் தாண்டவே இல்லையே ஐயா, எப்படி என்பிஏ ஆனது?" என்று கேட்டார். என்பிஏ என்றால் வாராக்கடன். வங்கிப் பணியில் இருந்தவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதையே இங்கு வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

அவருடையது 10 லட்சம் ரூபாய் வரம்புள்ள சிசி கணக்கு, அதாவது வரம்புக்குள் வேண்டியபோது எடுத்து, விற்ற பணத்தைத் திரும்பப் போடும் கடன் கணக்கு. மாதந்தோறும் ஏறத்தாழ 9,000 ரூபாய் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் கடையில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டை வேறொரு வங்கியின் சேமிப்புக் கணக்கோடு இணைந்திருந்ததால், விற்ற பணமெல்லாம் அங்கே போய்ச் சேர, சிசி கணக்கில் மூன்று மாதத்தில் வந்த வரவு 11,000 ரூபாய்தான். வரம்புக்குள் இருந்தாலும், 90 நாளில் ஏறிய வட்டியை ஈடுகட்டும் அளவுக்கு வரவு இல்லையென்றால் அந்தக் கணக்கு ஒழுங்கற்றதாகி வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, கடை வரவை எல்லாம் கடன் உள்ள கணக்கின் வழியாகவே வரச் செய்வது. ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எனப்படும் சரக்கிருப்பு அறிக்கையை மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்காமல் விடுவதும், ஆண்டுப் புதுப்பிப்பை உரிய தேதியிலிருந்து 180 நாள் கடந்தும் முடிக்காமல் விடுவதும், வட்டி ஒழுங்காகக் கட்டுபவரின் கணக்கையும் இதே நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

தவணைக் கடனில் கணக்கு எளிது. நிலுவை 30 நாள் வரை முதல் எச்சரிக்கை நிலை, 60 நாள் வரை இரண்டாம் நிலை, 90 நாள் வரை மூன்றாம் நிலை; 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். ஒரே பெயரில் இரண்டு கடன் இருந்து ஒன்று கெட்டால், ஒழுங்காக ஓடும் மற்றதும் உடன் சேர்த்தே வகைப்படுத்தப்படும்.

மேலாளரிடம் நல்ல பழக்கம் இருக்கிறது, பார்த்துக்கொள்வார் என்று இன்னமும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. பழைய கடனைப் புதுக்கடன் கொடுத்து அடைத்துக் காட்டும் வழக்கத்தை, ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது 2015இல் தொடங்கிய சொத்துத் தர ஆய்வு வெளியே கொண்டுவந்தது. மறைந்திருந்தவை கணக்கில் ஏறியதால் 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் விகிதம் 11 சதவீதத்தைத் தாண்டியது. அதன் பிறகு வகைப்படுத்தும் வேலை கணினியிடம் போயிற்று. நாள்முடிவில் அது தானாகவே நடக்கிறது, கிளையில் இருப்பவர் நினைத்தாலும் நிறுத்த முடியாது. பெரும் நிறுவனங்களின் கடனால் வந்த நோய்க்குக் கொடுத்த மருந்தை முந்திரி உடைப்பவரும் குடிக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தமே. ஆனாலும் விதி அனைவருக்கும் ஒன்றுதான்.

இதனால்தான் 90 நாளுக்கு முந்தைய காலத்தை வீணாக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கணக்கு கெட்டால் வங்கி அந்தக் கடன் தொகையில் குறைந்தது 15 சதவீதத்தைத் தன் லாபத்திலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதால், அதற்கு முன் வரும் கடனாளியின் பேச்சுக்குக் கிளையில் மதிப்பு இருக்கும். நேரில் சொல்வதோடு நில்லாமல், வியாபாரம் ஏன் குறைந்தது, எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்ட முடியும் என்பதைக் கடிதமாக எழுதி, சிறுதொழில் என்பதற்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றின் நகலை இணைத்து, நகலில் கிளை முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கென்று ஒரு சீரமைப்பு நடைமுறை இருக்கிறது. 10 லட்சம் வரையிலான கடனைக் கிளையே பார்க்கும், அதற்கு மேற்பட்டது குழுவுக்குப் போகும். தாம் அத்தகைய தொழில் என்பதைக் கடனாளியும் உரிய காலத்தில் ஆவணத்தோடு தெரிவித்தாக வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தவணையை மாற்றியமைக்கக் கேட்டால், பெரும்பாலும் அந்த மாற்றமே கணக்கை வாராக்கடன் வகைக்கு இறக்கிவிடும். ஆகவே நிலுவையைக் கட்டிச் சரிசெய்யும் வழியையே முதலில் கேளுங்கள். 2011இல் தானே புயல் நம் முந்திரித் தோப்புகளைச் சாய்த்ததே, அதுபோன்ற பேரிடரை அரசு அறிவித்த பகுதிகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

கணக்கு ஏற்கெனவே கெட்டுவிட்டதா? ஒரு மாதத் தவணை கட்டினால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். வட்டியும் அசலுமாக உள்ள நிலுவை முழுவதையும் கட்டினால்தான் பழைய நிலைக்குத் திரும்பும்.

அடுத்து வருவது, வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழி தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின் கீழ், கடனைக் கட்டச் சொல்லும் அறிவிப்பு. உறையைப் பெற்ற அன்றே பிரித்து, அறிவிப்பின் தேதியிலிருந்து 60 நாளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். தொகை, வட்டி, சொத்தின் சர்வே எண் ஆகியவற்றைப் பத்திரத்தோடும் கணக்கு அறிக்கையோடும் ஒப்பிட்டு, தவறு இருந்தால் ஆட்சேபத்தைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். அடமானம் விவசாய நிலம் என்றால் இந்தச் சட்டம் செல்லாது. ஆனால் உண்மையிலேயே சாகுபடி நடக்கிறது என்பதைக் காட்ட அடங்கல், சிட்டா போன்றவை கையில் இருக்க வேண்டும். நிலுவை ஒரு லட்சத்துக்கு மேற்படாதபோதும், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் குறைவாகப் பாக்கி இருக்கும்போதும் இது பொருந்தாது. அறிவிப்பு வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது.

சொத்தை வங்கி தன் வசம் எடுக்கும் சுவாதீன நடவடிக்கை நடந்துவிட்டால், 45 நாளுக்குள் சென்னையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். இதற்கு வழக்கறிஞர் துணை தேவை. ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழுத் தொகையையும் கட்டிச் சொத்தை மீட்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இந்தச் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏலத்துக்கு முதல் நாள் பணத்தோடு போய் நிற்பது உரிமையாகாது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுதி, 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

ஓடிஎஸ் எனப்படும் ஒரே தவணைத் தீர்வு கேட்பதானால், அது கடனாளியின் உரிமையன்று, வங்கியின் முடிவு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியதை நினைவில் கொள்ள வேண்டும். வாய்மொழியாக ஒத்துக்கொண்டார்கள் என்று நம்பிப் பணம் புரட்டாதீர்கள். தொகையும் கடைசித் தேதியும் குறித்த அனுமதிக் கடிதம் வந்த பிறகே கட்டுங்கள், அதையும் கணக்கிலேயே கட்டுங்கள், யார் கையிலும் கொடுக்காதீர்கள். கெடு ஒரு நாள் தவறினாலும் தள்ளுபடி ரத்தாகலாம். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் அது முழுமையாகக் கட்டிய கடனாக அல்லாமல் செட்டில்டு (பேசித் தீர்த்தது) என்றே நிற்கும். தீர்த்த வங்கியும் குறைந்தது 12 மாதம் புதுக்கடன் தராது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் நடக்கும் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் கட்டணமில்லை. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை என்பதால் கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் படித்துவிடுங்கள்.

முந்திரிக்காரர் மீதமிருந்த 19 நாளில் ஆட்சேபக் கடிதம் அனுப்பினார், தம்பியிடம் கைமாற்று வாங்கி நிலுவை முழுவதையும் கட்டினார், க்யூஆர் அட்டையையும் மாற்றினார்.

கடன் முழுதும் தீர்ந்தால், மூலப் பத்திரத்தை வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. பத்திரம் கைக்கு வந்ததும், அடமானத்தைப் பதிந்த அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து ரசீதையும் பதிவு செய்து, சில நாள் கழித்து வில்லங்கச் சான்று எடுத்து, அடமானம் நீங்கிய பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.