தனி டம்ளர் கடையைப் புறக்கணிப்பது எப்படி

தருமபுரிப் பக்கம் டீக்கடையில் பட்டியல் சாதியினருக்குத் தனி டம்ளர் இருந்தால் முதல் வேலை ஆதாரம்: தேதி, நேரம், ஒதுக்கி வைத்த டம்ளரின் படம். டீ குடிப்பவர் முகம் படத்தில் விழக்கூடாது. நாளைக்கு அதே ஊரில் கூலிக்குப் போக வேண்டியவர் அவர்.

கோரிக்கை ஒன்றே: எல்லாருக்கும் ஒரே டம்ளர், ஒரே பெஞ்ச். எழுதிக் கொடுத்து ஒரு வாரம் கெடு வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது கடன் நோட்டில். பாக்கி வைத்தவர் மூன்றாம் நாளே திரும்பிப் போய்விடுவார்; முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு வேறு டீ ஏற்பாடும் வேண்டும்.

வாங்காமல் இருப்பது நம் உரிமை, வாசலை மறிப்பது குற்றம். தீண்டாமைக்கு 1955 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள். பதிலுக்கு ஊரார் பட்டியல் சாதியினருக்கு வேலையோ மளிகையோ மறுத்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். உடனே வன்கொடுமைத் தடுப்பு உதவி எண் 14566-க்குக் கூப்பிடுங்கள்.